கோட்டூர் மலையும் கழுதைச் சாத்தும்

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. எந்த வழியில் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பாடு கிடைக்கும் என்று நடப்பவருக்குச் சொல்லித்தருவதில் நம் முன்னோர் அவ்வளவு கருத்தாக இருந்தார்கள். செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் பன்றிக்கு வைத்த பொறி, தினைக்காவலர் எறியும் கவண்கல், வழுக்குப் பாறை வரை எச்சரிக்கிறது. பக்கத்துத் தருமபுரிச் சீமையில் இன்றும் அப்படியொரு நூலுக்குத் தேவை இருக்கிறது. பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு ஏறும் வாக்குச்சாவடி அலுவலர்களைத்தான் சொல்கிறேன்.

2021 ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்கு அந்த மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் போயின. இதைப் படம்பிடித்தவர்கள் வியப்பாகக் காட்டினார்கள். எனக்கு இதில் வியப்பில்லை, மரியாதைதான். இருபக்கமும் ஒத்த பாரமாக மிளகுப் பொதி சுமந்து பெருவழியில் போன கழுதைச் சாத்தைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது; சுமந்து சுமந்து முதுகில் விழுந்த தழும்பையும் விடவில்லை. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானின் மகன் பொகுட்டெழினி பகைவர் கோட்டை இருந்த இடத்தைக் கழுதை பூட்டி உழுது வரகும் கொள்ளும் விதைத்ததாக ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் அரசாங்க வேலைக்குக் கழுதை வந்தது நேற்றல்ல.

பாரம் ஏற்றுவதில் பழைய விதியே விதி. கட்டுப்பாட்டுக் கருவி, வாக்களிக்கும் கருவி, ஒப்புகைச் சீட்டுக் கருவி மூன்றையும் ஒரே பக்கம் தொங்கவிட்டால் முதல் வளைவிலேயே சரியும். எதிர்ப்பக்கம் அரிசி மூட்டையோ தண்ணீர்க் கேனோ வைத்துச் சமன்செய்ய வேண்டும். ஒப்புகைச் சீட்டுக் கருவியின் பின்புறத் திருகு பயண நிலையில் கிடக்கிறதா என்று கிளம்புமுன் ஒருவர் தொட்டுப் பார்ப்பது அவசியம். மேலே போய்ச் சேர்ந்தபின் மாற்றுக் கருவி கேட்டால் அதற்கும் ஒரு கழுதை ஏற வேண்டும்.

இனி, கூட்டாளிகள். தலைமை அலுவலர் ஒருவர், வாக்குப்பதிவு அலுவலர்கள் மூவர். கணினி குலுக்கிப் போட்டு அமைக்கும் குழு இது. எந்தச் சாவடி என்பதே முந்தின நாள்தான் தெரியும். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், இன்னொருவர் வேறேதோ அலுவலக எழுத்தர் என்று இருக்கலாம். முன்பழக்கம் இருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் சேர்க்கிறார்கள். அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் ஏப்ரல் வெயிலில் மலையேறும்போது, ஒருவர் மூச்சு வாங்கி நின்றால் மற்ற மூவரும் நின்றே ஆக வேண்டும். பாதி வழியில் ‘சார்’ போய் ‘அண்ணே’ வந்துவிடும். அந்த ‘அண்ணே’ முதலில் கழுதைக்காரருக்குப் போக வேண்டும். குழுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் நில் என்றால் தலைமை அலுவலரும் நிற்பதே முறை.

ராத்தங்கல் சாவடியிலேயே. இயந்திரத்தைத் தனியே விடக் கூடாது என்பதால் அதைச் சுற்றித்தான் படுக்கை. குறட்டை விடுபவருக்கு முதல் யாமக் காவலைக் கொடுத்தால் மற்றவர்கள் அதற்குள் தூங்கிவிடலாம். கட்சிக்காரர் யார் பிரியாணி நீட்டினாலும் வாங்கக் கூடாது. அது தேர்தல் விதி. சோறும் ரசமும் ஆனாலும் தாங்களே ஏற்பாடு செய்து, கழுதைக்காரரையும் உட்காரவைத்துச் சாப்பிட வேண்டும். காலை ஏழு மணி வாக்குப்பதிவுக்கு ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவு. ஐம்பது வாக்காவது போட்டுப் பார்க்க வேண்டும். நாலரைக்கு எழுப்பிக் கையில் டீயைக் கொடுப்பவர் பதவியில் கடைசியானாலும் முகாமில் மூத்தவர்.

இறக்கத்தில் பாரம் கழுத்துப் பக்கம் நழுவும். கயிற்றைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிய பிறகே கிளம்ப வேண்டும். இடையில் இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினாலும் தாமதமென்று முணுமுணுக்கக் கூடாது. அடிவாரத்தில் பெட்டிகள் ஜீப்பில் ஏறுமுன் கழுதைகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். கழுதைக்காரரின் கூலி அங்கேயே, அன்றைக்கே கைக்குப் போக வேண்டும்.