மொத்த எஸ்எம்எஸ் இணைப்பியல்

பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி ஈறாக, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவோர் கொள்ளும் இணைப்பு மூவகைப்படும்: சிம் வழி, தரகர் வழி, நேர்வழி. ‘என் மச்சானுக்குத் தெரிஞ்ச கம்பெனி’ என்பதை நான்காவதாகக் கூட்டுவாரும் உளர். அது தரகர் வழியுள் அடங்கும்.

சிம் வழியாவது, மோடத்தில் சிம்மைச் செருகிக் கணினியால் விரட்டுவது. குரோம்பேட்டை டியூஷன் சென்டர்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. நிமிடத்துக்கு ஆறு செய்தி போனால் பெரிது. 2012 ஆகஸ்ட்டில் வடகிழக்கு மாநிலத்தவர் பற்றி வதந்தி பரவியபோது மத்திய அரசு ஒரு நாளைக்கு 5 எஸ்எம்எஸ் என்று கட்டுப்படுத்தியது; சிம் வழியார் பட்ட பாடு சொல்லி மாளாது.

தரகர் வழியாவது, தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் நமக்கும் இடையில் நிற்பவர் மூலம் அனுப்புவது. அது இருவகை: முதல் தரகர், தரகருக்குத் தரகர். பின்னவரிடம் பைசா குறையும். வராத செய்திக்கும் ‘டெலிவர்ட்’ என்று ரிப்போர்ட் வருவதுண்டு. இருவருமே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்: அனுப்புநர் பெயரும் செய்தி வாசகமும் டிஎல்டி என்னும் பதிவுத் தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். 2021 மார்ச் 8 அன்று பதிவோடு பொருந்தாததைத் தடுக்கும் இந்தச் சல்லடையை முழுதாக இறக்கியதும் வங்கி ஓடிபிகளே சிக்கிக்கொண்டன. ஒரு வாரம் நிறுத்திவைத்தார்கள்.

நேர்வழியாவது, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் செய்தி மையத்தோடு எஸ்எம்பிபி என்னும் நெறிமுறையில் ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது. அனுப்ப மட்டும், பெற மட்டும், இரண்டுக்கும் என அதன் பைண்ட், அதாவது இணையும் முறை, மூன்று. நொடிக்கு இத்தனை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், மீறினால் திருப்பியடிக்கும்.

இனி உதாரணம். முடிச்சூரில் ஒரு பள்ளி, மூவாயிரம் பெற்றோர், காலை ஆறு மணி, செங்கல்பட்டு கலெக்டர் மழை விடுமுறை அறிவித்துவிட்டார். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து தாங்கும். தமிழுக்கு 70 தான். அதிலும் கொம்பு, கால், புள்ளியெல்லாம் தனித்தனிக் கணக்கு. ‘தாம்பரம்’ நமக்கு ஐந்தெழுத்து, எந்திரத்துக்கு எட்டு. பள்ளிப் பெயரும் தேதியும் சேர்ந்தால் எப்படியும் இரண்டு துண்டாகும். ஆக ஆறாயிரம் துண்டு. நொடிக்கு 50 போகும் இணைப்பில் இரண்டே நிமிடம். சிம் வழியில் இரவு பத்து நாற்பதுக்கு முடியும். அதற்குள் பிள்ளைகள் நனைந்து, திரும்பி, தூங்கியும் இருப்பார்கள்.

இம்மூன்றிலும் சேராத செல் பிராட்காஸ்ட் என்றொரு இனமும் உண்டு. நம்பர் பட்டியலே வேண்டாம். டவர் எல்லைக்குள் உள்ள போனெல்லாம் அலறும். 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதித்தார்கள். அது அரசுக்கே உரியது, விலைக்கு வராது.

பள்ளிக்கு நேர்வழி வீண் செலவு. முதல் தரகர் ஒருவர், அவர் காலை வாரினால் இன்னொருவர், இது போதும். பணம் கட்டுமுன் ஏர்டெல், ஜியோ, வி, பிஎஸ்என்எல் நான்கு சிம்முக்கும் ஒரு தமிழ்ச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியது அவர் திரையை அல்ல, உங்கள் கையிலுள்ள போனை.