ராஜாஜி போட்ட தபால்

குமராட்சி டீக்கடையில் என்னைப் பார்த்தால், "கோடீஸ்வரருக்கு ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு" என்கிறார்கள். அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டவன் நானேதான்.

சிதம்பரத்தில் ஒருவர் பழைய காசு, நோட்டு, ஸ்டாம்பு எல்லாம் ஆல்பத்தில் போட்டு விற்கிறார். அதில் ஒரு பக்கத்தில் காந்தி பத்து ரூபாய் ஸ்டாம்பு. படத்தின் மேல் கறுப்பு மையில் ‘சர்வீஸ்’ என்று ஆங்கில எழுத்து. எனக்கு மூச்சு அடைத்தது. 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியானவை அந்தக் காந்தி தலைகள், சுவிட்சர்லாந்தில் அச்சானவை. அவற்றில் பத்து ரூபாய்த் தலையில் கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்கென ‘சர்வீஸ்’ அடித்தது நூறே நூறு. 2017இல் நான்கு தலைகள் ஒட்டியிருந்த ஒரு துண்டு ஐந்து லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாவம், கடைக்காரருக்குத் தெரியாதுபோல, ஆறாயிரம் என்றார். முகத்தைச் சுளித்து, நடையைக் கட்டுவதுபோல் இரண்டடி வைத்து, நாலாயிரத்துக்கு முடித்தேன்.

வீட்டில் நானூறு என்று சொன்னேன்.

ஒரு சாதாரண வியாபாரியை இப்படி ஏமாற்றலாமா என்று காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் மனசு உறுத்தியது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் சரியாகிவிட்டது.

ஏலக் கம்பெனி ஒன்றுக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். கேட்டலாகில் படமும் லாட் நம்பரும் வந்தன. கீழே பொடி எழுத்தில் ‘பரிசோதனைக்கு உட்பட்டது’ என்றிருந்ததை நான் படிக்கவில்லை. டீக்கடையில் காட்டும்போது கட்டை விரல் அந்த வரியின் மேல்தான் இருந்தது. மகளுக்கு ஸ்கூட்டி என்ன நிறம் என்றுகூடப் பேசிவிட்டோம்.

ஏலத்துக்கு நாலு நாள் முன்பு ஒரு வரிச் செய்தி: ‘லாட் வித்ட்ரா செய்யப்பட்டது.’

நான் கலங்கவில்லை. பெரிய ஸ்டாம்புகளுக்கு இது சகஜம். சில சமயம் சொந்தக்காரர் மனம் மாறுவார்; சில சமயம் திருட்டுப் பொருளாகிவிடும். விமானத்தைத் தலைகீழாக அச்சடித்த அமெரிக்க ஸ்டாம்பு ஒன்று 1955இல் கண்காட்சியில் களவுபோய், 2016இல் நியூயார்க் ஏலத்துக்கு வந்தது. அடையாளம் தெரிந்ததும் விற்பனைக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். என்னுடையதும் ராஷ்டிரபதி பவனில் களவுபோனதாக இருக்குமோ? நினைத்தபோது பயம் வரவில்லை, பெருமைதான் வந்தது. டீக்கடையில் அப்படியே சொல்லியும் வைத்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார்.

"சார், போஸ்ட்மார்க் கீழ இருக்கு. சர்வீஸ் எழுத்து அதுக்கு மேல இருக்கு."

"அதனால?"

"எழுத்தை அடிச்சப்புறம்தானே சார் ஸ்டாம்பை ஒட்டுவாங்க, அப்புறம்தானே முத்திரை விழும்? இது தபால் போய்ச் சேர்ந்தப்புறம் யாரோ அடிச்சது."

முதல் எழுத்தின் வளைவுக்கு அடியில் முத்திரை வட்டம் மறைந்து, மறுபக்கம் வெளியே வருகிறது. இரண்டு மாதம் பூதக்கண்ணாடியில் பார்த்தவன் நான். காந்தியைத்தான் பார்த்தேன்.

"அதோட, முத்திரையே சிதம்பரம்னு இருக்கு சார். கவர்னர் ஜெனரல் ஆபீஸ் டெல்லியில..."

"அப்ப ராஜாஜிதானே தம்பி கவர்னர் ஜெனரல்? நடராஜரைப் பார்க்க வந்திருப்பார். வந்த இடத்துல ஒரு தபால் போட்டிருப்பார்."

அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது.

அடியில் இருக்கும் ஸ்டாம்பு அசல்தானாம். அதுதான் வயிற்றெரிச்சல்: சும்மா விட்டிருந்தாலே நல்ல விலைக்குப் போயிருக்கும். எழுத்தை அழிக்க முடியுமா என்றேன். "அழிச்சா காந்தியும் போயிடுவார் சார்" என்றார். ஸ்டாம்பு திரும்பி வந்த அன்றே ரப்பரால் ஓர் ஓரத்தில் தேய்த்துப் பார்த்தேன். காந்தியின் தோள் வெள்ளையாகிவிட்டது.

போன வாரம் சிதம்பரம் போனபோது, சும்மாதான், அந்த ஆல்பத்தைப் புரட்டினேன். அதே பக்கத்தில் இன்னொரு ‘சர்வீஸ்’ காந்தி. ஏழாயிரம் என்றார். நான் முத்திரையை மட்டும் படித்தேன்.

சீர்காழி.