‘இறக்குனது இறக்கிட்டோம்’: டைமிங் செயின் இயலுக்கு ஓர் உரை

காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சினுக்குள் மூன்று வினாடி கடகடவென்று ஓர் ஒலி எழுந்து அடங்கும். இதற்குப் பொருள் கொள்வதில் மூன்று மரபுகள் உண்டு. ‘டீசல் வண்டின்னா அப்படித்தான்’ என்பது ஓனர் மரபு. ‘வித்துடுங்க மாமா’ என்பது மைத்துனர் மரபு. ‘செயின் போச்சு சார்’ என்பது மெக்கானிக் மரபு. முதலாவதை எட்டு மாதம் காப்பாற்றினேன். மூன்றாவதே வென்றது.

செயின் போவது என்பது யாதோ எனின், இழுபட்டு நீள்வது என்பர் ஒரு சாரார். அற்றன்று. எஃகுத் தகடு நீள்வதில்லை. கண்ணிகளைக் கோக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. கண்ணிக்கு மயிரிழை தேய்ந்தாலும் அத்தனை கண்ணியும் சேர்ந்தால் செயின் தொங்கும். தொங்கலை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனருக்கோ ஆயில் அழுத்தம் வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் அது மேலேற எடுக்கும் நேரமே மேற்படி மூன்று வினாடி.

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். கெட்டது செயின் ஒன்றே. எனில் பில்லில் பதினொரு வரி வந்தது எப்படி? விடை, ஒர்க்‌ஷாப்பில் வழங்கும் ‘இறக்குனது இறக்கிட்டோம்’ என்ற தொடரில் இருக்கிறது. வடிவில் இது இறந்தகாலம். பொருளில் எதிர்காலம், அதாவது இனிமேல் ஆகும் செலவு. ‘ஓம்’ விகுதி உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. இறக்கியவர் அவர், பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த நானும் அதில் அடக்கம்.

ஆயினும் இத்தொடர் வெற்றுரை அன்று. 1880இல் மான்செஸ்டரில் புஷ் ரோலர் செயினை வகுத்த ஹான்ஸ் ரெனால்டை இத்துறையின் முதனூலாசிரியர் எனலாம். செயினும் பல்சக்கரமும் சேர்ந்தே தேயும் என்பது இன்றும் மாறவில்லை. மெக்கானிக் பழைய ஸ்ப்ராக்கெட்டைத் துடைத்து என் கையில் கொடுத்து, நகத்தால் பல்லைத் தடவச் சொன்னார். ஒரு பக்கம் வழுவழு. மறுபக்கம் கொக்கிபோல் நகம் மாட்டியது. இதில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் பாழ். எனவே கிராங்க் சக்கரம், அதைப்போல் இருமடங்கு பல்லுள்ள கேம் சக்கரம், விரிசல் விட்ட பிளாஸ்டிக் கைடு, டென்ஷனர், ஆயில் சீல் ஆகியவை மூலபாடம் என ஏற்கப்பட்டன. வாட்டர் பம்ப் மட்டும் இடைச்செருகல் என்று தள்ளினேன். என் வண்டியில் அது வெளியே இருக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். மெக்கானிக் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்தார்.

பூட்டியதும் ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்பேனர் போட்டுக் கிராங்கைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றினார். மார்க் ஒரு பல் பிசகினாலும் வண்டி ஒழுங்காக ஓடாது. பல பல் பிசகினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். சக்கர மார்க்குகள் இடத்துக்கு வந்தன. செயினின் வண்ணக் கண்ணிகள் வரவில்லை. “அண்ணே, தப்பாயிடுச்சு!” என்று அலறினேன். கண்ணி அத்தனை சீக்கிரம் திரும்பாது, சக்கரம் சேர்ந்தால் போதும் என்றார். உரையாசிரியனுக்கு இதுகூடத் தெரியாதா என்று மெக்கானிக்கின் கையாள் பையன் பார்த்த பார்வையைக் கட்டுரையில் சேர்க்க விருப்பமில்லை.

பழைய ஸ்ப்ராக்கெட் என் மேசையில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. ஐயமுள்ள ஆய்வாளர்கள் நகத்தோடு வரலாம்.