எல்.கே.ஜி.க்கு நன்னடத்தைச் சான்று

மூன்றரை வயது ஆசாமி ஒருவர் பிரின்சிபால் அறைக்குள் தன்னந்தனியாக நுழைகிறார். அம்மாவை வெளியே உட்காரவைத்துக் கதவைச் சாத்தியாகிவிட்டது. "உன் பேர் என்னம்மா?" பதில் இல்லை. தெரியாதவங்ககிட்ட பேசாதே என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு நடக்கிற பிள்ளை. ஆகவே 'பழகத் தெரியவில்லை'. அம்மா வேண்டும் என்று அழுதால் 'பக்குவம் போதாது'. பக்கத்துப் பையனின் பொம்மையைப் பிடுங்கினால் 'முரடு'. எம்.எல்.ஏ. கடிதத்தோடு வந்தவர் பிடுங்கினால் அது தலைமைப் பண்பு.

பிரிட்டனின் ராபர்ட் குட்மன் 1997-ல் வெளியிட்ட நடத்தை வினாப்பட்டியல் பல நாடுகளில் புழங்குகிறது. 25 கூற்றுகள். கடந்த ஆறு மாதமாகப் பிள்ளையைப் பார்த்துவரும் பெற்றோரோ ஆசிரியரோ நிரப்ப வேண்டும். பாவம், ஞானதிருஷ்டி இல்லாத ஊர். நம் தாளாளர்களுக்கு ஆறு நிமிடம் போதும். அதிலும் பாதி, அப்பாவை உள்ளே கூப்பிட்டுச் சம்பளம் விசாரிப்பதில் போய்விடும்.

சட்டம் இல்லையா? பேஷாக இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009, 13-ஆம் பிரிவு: சேர்க்கையில் பிள்ளையையோ பெற்றோரையோ சலித்தெடுத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறை 50,000 வரை. அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவைப் புரட்டினால், குழந்தை என்பவர் 6 முதல் 14 வயதுவரை உள்ளவர். மூன்றரை வயதுக்காரர் சட்டப்படி குழந்தையே அல்ல! 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம், 25 சதவீத ஒதுக்கீடு போக மற்ற நர்சரி இடங்களுக்கு இந்தத் தடை பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நர்சரிக்கும் சட்டத்தை நீட்டிப்பது பற்றி அரசு யோசிக்கட்டும் என்றது. யோசிக்கிறார்கள். அன்று நர்சரி வாசலில் நின்ற பிள்ளைக்கு மீசை முளைத்துவிட்டது.

இதையெல்லாம்கூடச் சிரித்துத் தொலைக்கலாம். மூன்று வயதாகியும் பேச்சு வராத, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையும் அதே அறைக்குத்தான் வருகிறது. நடத்தையை மதிப்பிடும் கலை யாருக்காகப் பிறந்ததோ, அந்தப் பிள்ளை. அதைக் கண்டதும் நிபுணர்கள் எழுந்துவிடுகிறார்கள்: "எங்ககிட்ட வசதி இல்லைங்க, வேற இடம் பாருங்க." வேறு எந்த இடம்? அங்கன்வாடிப் பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தை மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது 2013-ல் தொடங்கிய அரசுத் திட்டம். மேல்சோதனைக்கு மாவட்ட இடையீட்டு மையங்கள் உண்டு, காசில்லாமல். அங்கே போங்கள் என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதித்தர அந்தப் பள்ளிகளுக்குக் கை வராது. விண்ணப்பக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று தடித்த எழுத்தில் அச்சடிக்க மட்டும் வரும்.