டைம்ஷீட்டில் புதிய கோட் கேட்டு விண்ணப்பம்

பெறுநர்: மனிதவளத் துறை, எங்கள் ஆலோசனை நிறுவனம்.

பொருள்: சில மணி நேரங்களுக்குச் சார்ஜ் கோட் வேண்டுதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

டைம்ஷீட் போடவில்லை என்று மூன்று முறை மெயில் அனுப்பியிருந்தீர்கள். எதை எந்தக் கோடில் போடுவது என்று தெரியாமல்தான் விழிக்கிறேன்.

திங்கள்கிழமை விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து மீனம்பாக்கம் ஓடுகிறேன். வீடு திரும்ப வியாழன் நள்ளிரவு. என் மகள் எனக்கு ‘வெள்ளிக்கிழமை அப்பா’ என்று பெயர் வைத்திருக்கிறாள். இதற்குக் கோட் இல்லை, சரி, விடுங்கள்.

வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கிறேன். “40-க்கு மேல பதியாதீங்க, புராஜெக்ட் பட்ஜெட் தாங்காது” என்கிறார் மேனேஜர். மிச்சம் 30 மணி காந்தி கணக்கு. வருடக் கடைசியில் நீங்களே கூப்பிட்டு, “யூட்டிலைசேஷன் போதலையே” என்கிறீர்கள். மேலே ஏறு, இல்லையேல் இறங்கு என்பது நம் தொழிலின் வேதம். டவுன் பஸ் கண்டக்டராவது படிக்கட்டில் தொங்க விடுவார்.

முக்கியமான சந்தேகம் கோவை பம்ப் தொழிற்சாலை பற்றியது. உற்பத்தி ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்கப் போனோம். முதல் நாளே ஃபோர்மேன் டீக்கடைக்கு அழைத்துப் போய்ச் சொல்லிவிட்டார்: “ரெண்டு லேத்துல பேரிங் போயி ஆறு மாசமாச்சுங்க. சொன்னா ஆருங்க கேக்கறாங்க?” விஷயம் அவ்வளவுதான். அதை 84 ஸ்லைடு ஆக்க எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. கடைசி இரவு இரண்டு மணி வரை லோகோவை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன். பார்ட்னருக்கு அது இடப்பக்கமே இருந்திருக்கலாம் என்று காலையில் தோன்றியது. ஃபோர்மேன் சொன்னது 31-ஆவது ஸ்லைடில், அம்புக்குறிக்குள். முதலாளி அசந்துபோனார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஃபோர்மேன் சொன்னது சரியாக இருந்தது. நம் தொழிலில் அது கட்டாயமில்லை. 2000-இல் அமெரிக்காவில் 9 லட்சம் செல்போன்தான் இருக்கும் என்று ஏடி அண்ட் டி-க்கு 1980-இல் கணித்துக் கொடுத்தது மெக்கின்சி. இருந்ததோ 10 கோடிக்கும் மேல்.

79-ஆவது ஸ்லைடில் ஆட்குறைப்புப் பட்டியல். தயாரித்தவன் நான். அதில் ஃபோர்மேனும் இருந்தார். அந்தப் பட்டியலுக்கு மட்டும் கோட் சரியாக இருக்கிறது. முழு நேரமும் பில் ஆகிவிட்டது.

டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். 12 ரூபாய். ரசீது இணைக்கவில்லை.

இப்படிக்கு,
பணியாளர், இன்னும் பெஞ்சுக்கு வராதவர்