டீக்கடை டாக்டர்கள்

கேள்வி: காயம் என்று உட்காரும் வீரர்களுக்கு ஐபிஎல் வந்ததும் குணமாகிவிடுகிறதே, எப்படி? எங்கள் ஊர் டீக்கடையில் தினமும் இதே தகராறு.
– வாசகர், ராயகிரி

பதில்: ஸ்கேன் எடுக்காமலே முட்டியின் நிலவரம் சொல்லும் டாக்டர்கள் டீக்கடையில்தான் உண்டு! 2020-ல் வருண் சக்ரவர்த்திக்குத் தோளில் காயம். அந்த இடத்தில்தான் நம் நடராஜன் ஆஸ்திரேலியத் தொடரின் டி20 அணிக்குள் நுழைந்து, டெஸ்ட் வரை ஆடினார். அடுத்த ஏப்ரலில் அவருக்கே முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அதுவும் ஐபிஎல் நடக்கும்போதே! 2021 சிட்னி டெஸ்டில் முதுகுவலியோடு 128 பந்துகளைச் சமாளித்தார் அஸ்வின். நடிப்பென்றால் இத்தனை பாடு எதற்கு?

ரஞ்சிக்கு டிமிக்கி கொடுப்பது வேறு கதை. அதற்குத் தண்டனை சரியே. 2024-ல் வாரிய ஒப்பந்தத்தை இழந்த ஷ்ரேயாஸ் ஐயர், உள்ளூர் ஆட்டங்களுக்குத் திரும்பினார். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் 243 ரன். இந்திய அணியில் அவர்தான் முதலிடம். அடுத்த மாதமே ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது.