மக்ரூன் கடை வரைக்கும் ஒரு பேட்டரி வண்டி

தூத்துக்குடியில் ஒரு அண்ணாச்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால்கள் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டன. சிங்கப்பூரிலிருக்கும் மகன் ஒரு மொபிலிட்டி ஸ்கூட்டரை அனுப்பிவைக்கிறான். தெரு கூடி நின்று பார்க்கிறது. ஸ்கூட்டர் என்றால் கிக்கர் இல்லை. நாற்காலி என்றால் எதற்கு ஹாண்டில்பார்? விரலால் லீவரை அழுத்தியதும் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம் மாதிரி நகர்கிறது. பின்னால் நாதஸ்வரம் மட்டும்தான் இல்லை.

அண்ணாச்சியின் தேவைகள் பெரிதல்ல. திரேஸ்புரத்தில் மீன், பெரிய கோயிலில் பனிமய மாதாவுக்கு ஒரு கும்பிடு, திரும்பும் வழியில் கால் கிலோ மக்ரூன். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் போய் வந்தால் சாளை குழம்புக்கு ஆகாது, கருவாட்டுக்குத்தான் ஆகும். ஆகவே வண்டி மெக்கானிக்கிடம் போகிறது.

"இதுல என்ன அண்ணாச்சி இருக்கு? பன்னெண்டு வோல்ட் பேட்டரி ரெண்டு, ஒரு மோட்டார். இன்னொரு பேட்டரியச் சேத்தா பறக்கும்."

"பறக்க வேண்டாம்டே, போனாப் போதும்."

மெக்கானிக்கின் கணக்கு சரிதான். இந்த வகை மோட்டாரில் வோல்ட் ஏற ஏற வேகமும் ஏறும். 24 வோல்ட்டை 36 ஆக்கினால் 6 கிலோமீட்டர் 9 ஆகும். ஆனால் உள்ளே கண்ட்ரோலர் என்று ஒரு கறாரான கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். பழக்கமில்லாத வோல்ட்டைக் கண்டால் பீப் பீப் என்று கத்திவிட்டு வேலைநிறுத்தம் செய்துவிடுவார். அவரைத் தூக்கிவிட்டு வேறொருவரைப் போட்டால், லீவரிலிருந்து விரலை எடுத்ததும் தானாகப் பிடிக்கும் மின்காந்த பிரேக்கும் அவரோடு ராஜினாமா செய்துவிடக்கூடும்.

இப்படி நோண்டுவதில் மெக்கானிக் தனியாள் அல்ல. 1968-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் 'அமிகோ' என்ற பெயரில் இந்த வண்டியை முதலில் கட்டிய ஆலன் தீம், குழாய் வேலைக் கான்ட்ராக்டர். நரம்பு நோயால் நடக்க முடியாமல் போன உறவினருக்காகச் செய்தார். அதே வகை வண்டியை இங்கிலாந்தின் காலின் ஃபர்ஸ் 2010-ல் மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி கின்னஸில் இடம்பிடித்தார். அந்த வேகத்தில் கிளம்பினால் அண்ணாச்சி மாதா கோயிலுக்குப் போக மாட்டார். மாதாவிடமே போய்ச் சேர்வார்.

உண்மையில் வேகத்தைவிடப் பெரிய வில்லன் வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெறிப்படி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக, ஏறுவது தெரியாமல் ஏறி இறங்க வேண்டும். நம் தெருக்களில் அதைக் கட்டுகிறவர் மிச்சமிருக்கும் சிமெண்டைப் பொறுத்து உயரத்தை முடிவு செய்கிறார். மொபிலிட்டி ஸ்கூட்டரோ வழவழவென்ற மால் தரைக்குப் பிறந்த பிள்ளை. முன்சக்கரம் தாண்டியதும் வயிறு தட்டி, பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். நடுரோட்டில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்த மாதிரி அண்ணாச்சி வருவோர் போவோருக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதற்கடுத்தது உப்பு. ஊரைச் சுற்றி உப்பளம், கிழக்கே கடல். இந்தக் காற்றில் பேட்டரி முனையில் பச்சை பூப்பதற்கு அதிக நாள் ஆகாது. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. துருக்குளிப்பு மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. முனைகளில் வாசலின் தடவுவது, கனெக்டரை ரப்பர் உறைக்குள் ஒளிப்பது என்று வைத்தியம் உண்டு. 2023 டிசம்பரில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படி ஒரு மழைக்கு வைத்தியம் கிடையாது. வண்டியை மாடியில் ஏற்ற வேண்டும். அண்ணாச்சியை யார் ஏற்றுவது?

சட்டமும் தன் பங்குக்கு ஒரு வேடிக்கை காட்டியிருக்கிறது. 1988-ன் மோட்டார் வாகனச் சட்டம், மாற்றுத்திறனாளிக்கான வண்டி அவருக்கென்றே தனியாகக் கட்டப்பட்டதாக இருக்க வேண்டும், இருப்பதை மாற்றியமைத்தது ஆகாது என்றது. தெருவிலோ பக்கத்துக்கொரு சக்கரம் கூட்டிய ஸ்கூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. தமிழக அரசே அவற்றை இலவசமாக வழங்கியது. 2019 திருத்தம்தான் மாற்றியமைத்த வண்டியையும் சேர்த்துக்கொண்டது. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவு, வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவு என்று சோதனை நிறுவனம் சான்று தந்தால், அந்த பேட்டரி வண்டி மோட்டார் வாகனமே இல்லை. மெக்கானிக் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் அது சான்றாகாது.

இதற்கெல்லாம் புத்திசாலித்தனமான பதில் சென்னை ஐஐடியிலிருந்து வந்தது. அங்கே உருவான நியோமோஷன் நிறுவனம் 2021-ல் 'நியோபோல்ட்' என்ற கருவியை வெளியிட்டது. உட்கார்ந்திருக்கும் சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் சக்கரத்தை மாட்டினால் அதுவே வண்டி; கழற்றினால் வீட்டுக்குள் மறுபடி நாற்காலி. ஒரு சார்ஜுக்கு 25 கிலோமீட்டர். வண்டிக்கும் நாற்காலிக்கும் இடையே ஆளைத் தூக்கி மாற்றும் அவஸ்தை இல்லை. 36 வோல்ட் கனவுகளைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் மகன் அனுப்பியதை அண்ணாச்சி விடுவாரா? வேகத்தைத் தொடவில்லை. காரீய பேட்டரிக்குப் பதில் அதில் பாதிகூடக் கனமில்லாத லித்தியம், அதற்கேற்ற சார்ஜர், கொஞ்சம் பெரிய டயர், மீனுக்கு மூடி போட்ட கூடை. இதே ஊர் சிப்காட்டில் 2025 ஆகஸ்ட்டில் வின்ஃபாஸ்ட்டின் மின்சாரக் கார் ஆலை திறந்த பிறகு அவருக்கு ஒரு மிதப்பும் வந்துவிட்டது: "நாமதான் முந்தி."

சிங்கப்பூரிலோ நன்றாக நடக்கிறவர்களும் காய்கறி வாங்க இந்த வண்டியில் ஏறி உட்காரத் தொடங்கியதால், 2025-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் வேக வரம்பை 10 கிலோமீட்டரிலிருந்து 6-க்குக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தது. மகன் போனில் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எதிர்வீட்டுக்காரர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறி வருகிறார்.

"அண்ணாச்சி, சாயங்காலம் வண்டி சும்மாதான நிக்கி?"